மார்கழிக்கு ஏன் நாள் குறைவு?

[திரையில்: தினசரி காலண்டர், தாள்கள் வேகமாகக் கிழிகின்றன]

பிப்ரவரிக்கு 28 நாள்னு வெச்சது ரோமானியர்கள். மார்கழிக்கு 29 நாள்னு யாரு வெச்சா? யாருமே வெக்கல.

பழைய காலண்டர் இருந்தா எடுத்துப் பாருங்க. 2024 டிசம்பர் 16, மார்கழி 1. 2025 ஜனவரி 14, பொங்கல். எண்ணினா மார்கழிக்கு 29 நாள்தான். அதே 2025ல ஆனி பிறந்தது ஜூன் 15, ஆடி பிறந்தது ஜூலை 17. ஆனிக்கு 32 நாள்!

[திரையில்: பன்னிரண்டு ராசிகள், நடுவே பூமியின் நீள்வட்டப் பாதை]

வானத்தைச் சுத்தி 360 டிகிரி, ராசிக்கு 30 டிகிரி. சூரியன் ஒரு ராசியைக் கடக்கிற நேரம்தான் நமக்கு ஒரு மாசம். உண்மையில நகர்றது பூமி. அதோட பாதை சரியான வட்டமும் இல்ல, வேகமும் ஒரே மாதிரி இல்ல.

ஜனவரி முதல் வாரம், அதாவது நடு மார்கழியில, பூமி சூரியனுக்கு ரொம்பக் கிட்ட வருது: சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். அப்போ நொடிக்கு 30.3 கிலோமீட்டர் வேகம். ஜூலை முதல் வாரம் தூரம் 15.2 கோடி, வேகம் 29.3. கிட்டவும் இருக்கு, வேகமாவும் ஓடுது. தனுசு ராசி சீக்கிரம் முடிஞ்சிடுது. ஆனியில மிதுனம் இழுத்துக்கிட்டே போகுது.

சூரியன் கிட்ட இருந்தும் மார்கழியில ஏன் குளிருதுன்னு கேப்பீங்க. தூர வித்தியாசம் வெறும் 3 சதவீதம். குளிருக்குக் காரணம் பூமியோட 23.4 டிகிரி சாய்வு. அந்தச் சமயத்துல நம்ம வடபாதி சூரியனுக்கு எதிர்ப்பக்கமா சாஞ்சிருக்கு.

நீள்வட்டப் பாதையை கெப்லர் எழுதி வெளியிட்டது 1609ல. அதுக்குப் பல நூற்றாண்டு முன்னாடியே, சூரியன் சீரா நகரலன்னு நம்ம ஊர் கணிதர்கள் 'மந்தபலம்'னு ஒரு திருத்தம் போட்டு மாசத்தைக் கணிச்சாங்க. பூமி அசையாம நிக்குதுன்னு வெச்சுக்கிட்டே போட்ட கணக்கு அது! எனக்கு இதுதான் இன்னும் பெரிய ஆச்சரியம்.

[திரையில்: மாலைச் சூரியன், ஓரத்தில் கடிகாரம்]

சரி, சில வருஷம் மார்கழிக்கு 30 நாள் வருதே? ராசி மாறுறது எந்த நேரத்துல வேணா நடக்கலாம். சூரியன் மறையறதுக்குள்ள நடந்தா அன்னிக்கே மாசப் பிறப்பு, மறைஞ்ச பிறகுன்னா மறுநாள். மார்கழியோட உண்மையான நீளம் இருபத்தொன்பதரை நாளை ஒட்டி இருக்கறதால, ஒரு வருஷம் 29, இன்னொரு வருஷம் 30.