அந்த டெதர் பட்டையைச் சுருட்டி வைக்காதீங்க! ஆஸ்திரேலியாவில் கைக்குழந்தை கார் சீட்

வணக்கம் மக்களே! சிட்னி வெயில் மண்டையைப் பிளக்குது. கார் கதவு, பூட் எல்லாத்தையும் தொறந்து போட்டுட்டு டிரைவ்வேயில நிக்கிறேன். அதனால சுத்தி வளைக்காம விஷயத்துக்கு வந்துடறேன்.

இதோ, என் கையில இருக்கிற இந்தப் பட்டையைப் பாருங்க. சீட் பெல்ட் மாதிரியே நெய்த பட்டை, நுனியில ஒரு இரும்புக் கொக்கி, நடுவுல நீளத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு பக்கிள். இதுதான் டாப் டெதர். பின்னாடி பார்த்து உக்கார வைக்கிற ரியர் ஃபேசிங் சீட் வாங்கினாலும் இது கூடவே வரும். மேஸ் ஹில் முருகன் கோயில் பார்க்கிங்ல நம்ம ஆளுங்க கார்கள்ல எட்டிப் பார்க்கிறது எனக்கு ஒரு கெட்ட பழக்கம். பார்த்தா இந்தப் பட்டையை அழகா சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, சீட்டுக்கு அடியில சொருகி வச்சிருப்பாங்க. ஏங்கன்னு கேட்டா, "முன்னாடி பார்த்து உக்காந்தாத்தானே இது வேணும், ரியர் ஃபேசிங்குக்கு வேண்டாம்னு யூடியூப்ல சொன்னாங்களே"ன்னு பதில் வரும்.

யூடியூப்ல சொன்னது பொய் இல்ல. ஆனா சொன்னவங்க அமெரிக்காவுல உக்காந்து அமெரிக்க சீட்டைப் பத்திச் சொல்றாங்க. அங்க ரியர் ஃபேசிங் சீட்டை டெஸ்ட் பண்றப்பவே டெதர் மாட்டாமத்தான் பண்றாங்க, அது இல்லாமலே பாஸ் ஆகணும். அதனால பெரும்பாலான அமெரிக்க சீட்டோட மேனுவல்ல, ரியர் ஃபேசிங்ல வைக்கும்போது டெதரை மடிச்சு வச்சிடுங்கன்னே போட்டிருக்கும். ஒரு சில சீட்டுக்குத்தான் மாட்டிக்கலாம்னு அனுமதி. நாம இருக்கிறது ஆஸ்திரேலியா. இங்க ஏஎஸ் என்இஸட்எஸ் 1754-ன்னு, ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்து போட்ட ஒரு ஸ்டாண்டர்ட். அந்த முத்திரை இல்லாத சீட்ல குழந்தையை வச்சு ரோட்டுல போகக் கூடாது. அந்த ஸ்டாண்டர்ட்ல கைக்குழந்தை கேப்சூலா இருந்தாலும் சரி, ரியர் ஃபேசிங், ஃபார்வர்ட் ஃபேசிங் எதுவா இருந்தாலும் சரி, டெதர் மாட்டித்தான் ஆகணும். ஐசோஃபிக்ஸ்ல, அதாவது சீட் பெல்ட் இல்லாம கார் சீட்டுக்குள்ள இருக்கிற கம்பியிலேயே டக்கு டக்குன்னு பூட்டுற சீட்டுக்கும் அதே சட்டம்தான். இங்க ஐசோஃபிக்ஸ் சீட் கடைக்கு வந்ததே 2014 வாக்குலதான். அதை உள்ள விட்டாங்களே தவிர, டெதரை எடுக்கல.

சரி, ஏன் இவ்வளவு பிடிவாதம்? பிறந்த குழந்தைக்குத் தலை மட்டுமே உடம்பு நீளத்துல கால்வாசி. நமக்கு ஏழுல, எட்டுல ஒரு பங்குதான். அவ்வளவு பெரிய தலையை ஒரு பிஞ்சுக் கழுத்து தாங்கிட்டிருக்கு. கார் முன்னாடி போய் மோதுதுன்னு வைங்க. முன்னாடி பார்த்து உக்காந்திருந்தா உடம்பை பெல்ட் பிடிச்சுக்கும், தலை மட்டும் விசிறி அடிக்கும். பின்னாடி பார்த்து உக்காந்திருந்தா தலை, கழுத்து, முதுகு மூணும் சேர்ந்து சீட்டோட முதுகுல அழுந்தும், அடி மொத்த முதுகுக்கும் பரவிடும். இது வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். யாரும் சொல்லாத பாதி இனிமேதான் இருக்கு. குழந்தையை அந்த சீட் தாங்குது, சரி. சீட்டை யார் தாங்குறது?

கார் பெல்ட்டோ ஐசோஃபிக்ஸோ பிடிக்கிறது சீட்டோட அடிப்பக்கத்தை மட்டும்தான். மோதின வேகத்துல சீட்டோட மேல்பக்கம், அதாவது குழந்தை தலை இருக்கிற பக்கம், டிரைவர் சீட்டைப் பார்த்துக் கவிழப் பார்க்கும். கவிழக் கவிழ குழந்தையும் சாய்ஞ்சு, தலைப்பக்கமா மேல சறுக்கும். இப்ப நம்ம ஊர் கல்யாணப் பந்தலை நினைச்சுக்குங்க. கால் ஒரு பக்கமா சாயாம இருக்க எதிர்ப்பக்கம் முளை அடிச்சு இழுத்துக் கட்டுவாங்க இல்லையா, அந்த வேலைதான் இந்தப் பட்டைக்கு. கார் பின்சீட்டு முதுகுக்கு மேல போய், பின்னாடி காரோட உடம்புல இருக்கிற ஆங்கர்ல, அதாவது கொக்கி மாட்டுற கம்பியில மாட்டிக்கிட்டு, சீட் முன்னாடி கவிழ விடாம இழுத்துப் பிடிக்கும். பக்கவாட்டுல இடிச்சாலும் சீட் ஆடுறதைக் குறைக்கும்.

ஸ்வீடன்காரங்க இதையே தலைகீழா செய்றாங்க. அவங்க டெதர் முன்னாடி போகும். டிரைவர் சீட்டோட அடிக்கம்பியிலோ தரைப்பக்கமோ கீழ கட்டுவாங்க. மோதி முடிஞ்சதும் சீட் எகிறிப் பின்பக்கம் திரும்பி வரும் பாருங்க, அதைப் பிடிக்கிறதுக்கு அது. முன்னாடி கவிழாம இருக்க தரையில ஊனி நிக்கிற கால் வச்சிருப்பாங்க. ரியர் ஃபேசிங் சீட்டே ஸ்வீடன்ல பிறந்ததுதான் தெரியுமா? பெர்டில் ஆல்ட்மன்னு ஒரு பேராசிரியர். ராக்கெட் கிளம்புறப்ப அமெரிக்காவோட ஜெமினி விண்கலத்து வீரர்கள் முதுகைச் சாய்ச்சுப் படுத்திருக்கிற சீட்டைப் பார்த்துட்டு, இதையே குழந்தைக்குச் செஞ்சா என்னன்னு யோசிச்சார். 1964-ல முதல் மாதிரியை ஒரு வால்வோ கார்ல வச்சுப் பார்த்தாங்க. 1972-ல வால்வோ அதை விற்பனைக்கே கொண்டு வந்துடுச்சு. அங்க பிள்ளைங்க 4 வயசு வரைக்கும்கூட பின்னாடி பார்த்துத்தான் உக்காரும்.

ஆஸ்திரேலியாவோட பெருமை வேற. 1976-லேருந்து இங்க விக்கிற கார்ல டெதர் மாட்ட ஆங்கர் பாயிண்ட் இருந்தே ஆகணும்னு விதி போட்டாங்க. நம்மள்ல பாதிப் பேர் பிறக்கிறதுக்கு முன்னாடி! அதனால "எங்க வீட்டுக்காரர் கார் பழசுங்க, அதுல ஆங்கர் இருக்காது"ங்கிற சாக்கெல்லாம் எடுபடாது. சில பழைய கார்ல ஓட்டையை மூடி ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும், போல்ட்டும் கொக்கித் தகடும் வாங்கிப் பூட்டணும், அவ்வளவுதான்.

இப்ப நம்ம கார்ல எப்படின்னு காட்டுறேன். கேமராவைக் கொஞ்சம் பூட் பக்கம் திருப்பறேன், இருங்க. இது எஸ்யுவி. பின்சீட்டோட முதுகுல, கீழ, கார்ப்பெட்ல ஒரு சின்ன வாய் மாதிரி தெரியுது பாருங்க. விரலை விட்டு விலக்கினா உள்ள ஒரு கம்பி. பக்கத்துல கப்பல் நங்கூரம் மாதிரி ஒரு படம் போட்டிருக்கும். அந்த நங்கூரம் இருந்தாத்தான் அது குழந்தை சீட்டுக்கு. கேம்ரி மாதிரி செடான்ல பின்கண்ணாடிக்குக் கீழ, அந்தப் பலகையில மூடி போட்டு வச்சிருப்பாங்க. சில வண்டியில பூட் தரையில இருக்கும், சிலதுல கூரையில.

இங்கதான் பெரிய ஆபத்து. பூட் தரையில இன்னும் சில வளையம் இருக்கு பாருங்க, பளபளன்னு. பார்த்தா கொக்கி மாட்டவே செஞ்ச மாதிரி இருக்கும். அது சாமான் கட்டுற வளையம். 20 கிலோ அரிசி மூட்டை உருளாம இருக்க அது போதும், மோதுற வேகத்தைத் தாங்க அது செய்யப்படல. நங்கூரப் படம் இல்லையா, மாட்டாதீங்க. சந்தேகமா இருந்தா கார் மேனுவலை எடுங்க, குளோவ் பாக்ஸ்ல ஒரு தடவைகூடப் பிரிக்காம கிடக்கும்.

கொக்கியை இப்படி மாட்டறேன். டக்னு சத்தம் கேட்டுச்சா? இழுத்துப் பார்க்கறேன், வரல. இப்ப பட்டையை முழுக்க விரலால தடவிக்கிட்டே போறேன், எங்கயும் முறுக்கு இருக்கக் கூடாது. ஹெட்ரெஸ்ட்டுக்கு அடியில விடணுமா, மேலயா, ஹெட்ரெஸ்ட்டையே கழட்டணுமாங்கிறதை கார் மேனுவலும் சீட் மேனுவலும் சொல்லும். அதே மாதிரி, ஒரே சீட்டை ரெண்டு விதமாவும் வைக்கலாம்னா, ரியர் ஃபேசிங்குக்குப் பட்டை போற வழி வேற, ஃபார்வர்டுக்கு வேற. அண்ணனுக்கு மாட்டின வழியிலேயே தம்பிக்கும் மாட்டிடாதீங்க. கடைசியா இறுக்கணும். தொளதொளன்னு விடக் கூடாது. அதுக்காக மாமா மச்சான் எல்லாரையும் கூப்பிட்டு ஏறி மிதிச்சு இழுக்கவும் வேண்டாம். அளவுக்கு மீறி இழுத்தா சீட்டோட சாய்வு மாறிடும். இறுக்கி முடிச்சதும் பக்கவாட்டுல இருக்கிற சாய்வுக் கோட்டை மறுபடி பாருங்க. மிச்சம் தொங்குற வாலைச் சுருட்டிக் கட்டிடுங்க, இல்லைன்னா பூட் கதவுல மாட்டும்.

நடு சீட்ல வைக்கப் போறீங்களா? பெரும்பாலான கார்ல ஐசோஃபிக்ஸ் ரெண்டு ஓரத்துல மட்டும்தான். நடுவுல சீட் பெல்ட்டும் டெதரும்.

இன்னொன்னு. லண்டன்லேருந்தோ சிங்கப்பூர்லேருந்தோ இங்க மாறி வர்றவங்க, காசு போட்டு வாங்கின சீட்டாச்சேன்னு கப்பல்ல ஏத்தி எடுத்துட்டு வர்றாங்க. அது நல்ல சீட்தான், ஐரோப்பிய சோதனையெல்லாம் பாஸ் பண்ணினதுதான். ஆனா இங்க சட்டப்படி செல்லாது. வேடிக்கை என்னன்னா, நம்ம ஸ்டாண்டர்ட் பேர்ல நியூசிலாந்தும் இருக்கு, ஆனா நியூசிலாந்துக்குப் போனா ஐரோப்பிய சீட்டும் செல்லும். கடலைத் தாண்டினா சட்டம் மாறுது, நாம என்ன பண்றது? ஊர்லேருந்து அம்மா அப்பா வரும்போது சூட்கேஸ் எடையைத் தின்னுக்கிட்டு ஒரு கார் சீட் வேண்டாம்னு இப்பவே சொல்லிடுங்க. முறுக்கும் பொடியும் கொண்டு வரட்டும்.

அம்மா அப்பான்னதும் ஞாபகம் வருது. எங்க அத்தை திருச்சியிலேருந்து வந்ததும் முதல் கேள்வி, "ஏம்மா, புள்ளை மூஞ்சியே தெரியலையே, கால் வேற மடங்கிக் கிடக்கே, திருப்பி வச்சாத்தான் என்ன?" இது எல்லா வீட்லயும் நடக்கும். கால் மடங்கினா குழந்தைக்கு வலிக்காது அத்தை, அது வீட்லயும் அப்படித்தானே உக்காருதுன்னு சொன்னேன். சட்டம் 6 மாசம் வரைக்கும் ரியர் ஃபேசிங் கட்டாயம்னு சொல்லுது. அதுக்காக 6 மாசம் முடிஞ்ச அன்னைக்கே கேக் வெட்டித் திருப்ப வேண்டாம். 2010-ல வந்த ஸ்டாண்டர்ட்லேருந்து எடைக் கணக்கை எடுத்துட்டு, சீட் துணியிலேயே தோள் அளவுக்கு அடையாளக் கோடு வச்சிருக்காங்க. இதோ, இங்க. குழந்தையோட தோள் அந்தக் கோட்டைத் தாண்டுற வரைக்கும் அப்படியே விடலாம். சில சீட்ல ரெண்டு, ரெண்டரை வயசு வரைக்கும்கூடப் போகும். 4 வயசு வரைக்கும் முன் சீட் கிடையாது, பின்வரிசை இருக்கிற காரா இருந்தா. ஏர்பேக் இருக்கிற முன் சீட்ல ரியர் ஃபேசிங் வைக்கிறதைப் பத்திப் பேசவே வேண்டாம்.

இதெல்லாம் நமக்கு மட்டும் வர்ற குழப்பம் இல்ல. நியூ சவுத் வேல்ஸ்ல நடத்தி 2010-ல வெளியிட்ட ஒரு ஆய்வுல, கிட்டத்தட்ட பாதிக் குழந்தைங்க சீட்டை ஏதோ ஒரு விதத்துல தப்பா பயன்படுத்தியிருந்தாங்க.  அதனால கூச்சப்படாம ஃபிட்டிங் ஸ்டேஷனுக்குப் போங்க. அரசு அங்கீகாரம் உள்ள ஆளுங்க மாட்டியும் தருவாங்க, நீங்க மாட்டினதைப் பார்த்தும் சொல்வாங்க. போனா சும்மா வேடிக்கை பார்க்காதீங்க. அவரை மாட்டச் சொல்லி, கழட்டச் சொல்லி, அப்புறம் அவர் முன்னாடி நீங்களே மாட்டுங்க. ஏன்னா சீட் ஒரே கார்ல இருக்காது. திங்கக்கிழமை உங்க கார், செவ்வாய் வீட்டுக்காரர் கார், வாரக்கடைசி சித்தப்பா கார். அவசரத்துல பெல்ட்டைப் போட்டுடுவோம், பின்னாடி போய் டெதர் மாட்ட மட்டும் மறந்துடும்.

சித்தப்பா கார்னதும் ஏழு சீட் வண்டி ஞாபகம் வருது. இப்ப எல்லாரும் அதுதான் வாங்குறீங்க, தாத்தா பாட்டி வந்தா வசதின்னு. மூணாவது வரிசையில எல்லா சீட்டுக்கும் ஆங்கர் இருக்கும்னு நம்பிடாதீங்க, வண்டிக்கு வண்டி மாறும். ஆங்கர் தூரமா இருந்து பட்டை எட்டலைன்னா நீட்டிப்புப் பட்டை தனியா விக்குது, கயிறு கட்டி ஒப்பேத்தாதீங்க. இரண்டாவது வரிசையில மாட்டின டெதர் பின்னாடி போறதால, மூணாவது வரிசைக்கு ஏறுற வழியையும் அது மறிக்கலாம். அப்புறம் பாட்டி எப்படி ஏறுவாங்க? அதனால டெஸ்ட் டிரைவ் போறப்பவே உங்க சீட்டைத் தூக்கிட்டுப் போய் மாட்டிப் பாருங்க, பாட்டியையும் கூட்டிட்டுப் போய் ஏறச் சொல்லுங்க. சேல்ஸ்மேன் முறைச்சா முறைச்சுட்டுப் போகட்டும்.