குழந்தையைத் தூது அனுப்பாதீர்கள்

பெற்றோர்களே, ஆசிரியர்களே, பேரப்பிள்ளைகளுக்காக இங்கே வந்திருக்கும் பெரியவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

விவாகரத்து வழக்கு நடக்கும் வீடுகளின் பிள்ளைகளோடு பேசுவதே என் தொழில். கணவனும் மனைவியும் பிரியலாமா, கூடாதா என்ற வாதத்திற்குள் இன்று நான் போகப்போவதில்லை. பிரிவது என்று முடிவாகிவிட்ட வீட்டில் குழந்தையை எப்படித் தேற்றுவது என்பதை மட்டும் பேசுகிறேன்.

‘பிள்ளை முகத்தைப் பார்த்தாவது பொறுத்துப் போங்கள்’ என்று நம் ஊரில் எல்லோரும் சொல்கிறோம். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறோம். ஆனால் பிள்ளையைத் துன்புறுத்துவது எது என்று தெரிந்துகொண்டு சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பால் அமேட்டோ, புரூஸ் கீத் ஆகிய இருவர் 1991இல் அதுவரை வந்திருந்த 92 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பெற்றோர் பிரிந்த பிள்ளைகள் படிப்பிலும் மனநலத்திலும் சற்றுப் பின்தங்கியிருந்தார்கள், ஆனால் நாம் அஞ்சுகிற அளவுக்கு இல்லை. ஓயாத சண்டைக்கு நடுவே ஒரே கூரையின் கீழ் வளர்ந்த பிள்ளைகளின் நிலையோ அவர்களைவிட மோசமாக இருந்தது. மேவிஸ் ஹெதரிங்டன் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்தவர். பிரிந்த குடும்பத்துப் பிள்ளைகளில் சுமார் 25 சதவீதம் பேருக்குக் கடுமையான சிக்கல்கள் இருந்தன, சேர்ந்திருந்த குடும்பங்களில் அது 10 சதவீதம் என்று அவர் கண்டார். அந்த வேறுபாட்டை நான் சிறிது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெரும்பாலான பிள்ளைகள் தேறி வந்துவிடுகிறார்கள். எந்தப் பிள்ளை தேறும் என்பது, பிரிந்த பிறகும் பெற்றோர் எப்படிச் சண்டை போடுகிறார்கள் என்பதைப் பெரிதும் பொறுத்திருக்கிறது. நான் அன்றாடம் பார்ப்பதும் அதுதான்.

முதலில், பிள்ளையிடம் சொல்வது. நம் வீடுகளில் சொல்வதே இல்லை. ‘அப்பா வெளியூர் வேலைக்குப் போயிருக்கிறார்’ என்கிறோம், ‘அம்மா பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று போயிருக்கிறாள்’ என்கிறோம். குழந்தை நாள் எண்ணிக் காத்திருக்கிறது. தீபாவளிக்கு வருவார், பொங்கலுக்கு வருவார் என்று தனக்குத் தானே தவணை சொல்லிக்கொள்கிறது. பிறகு ஒரு நாள் பள்ளி வேனில் பக்கத்து இருக்கைப் பையன் வழியாக உண்மை தெரியவருகிறது. அப்பா போனதோடு, இத்தனை நாளும் அம்மா பொய் சொன்னதும் சேர்ந்து தெரிகிறது. ஒரே நாளில் இரண்டு பேர் மீதும் நம்பிக்கை போய்விடுகிறது.

கூடுமானால் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சொல்லுங்கள். நீண்ட விளக்கம் வேண்டாம். ‘நாங்கள் இருவரும் இனி ஒரே வீட்டில் இருக்கப்போவதில்லை. நீ செய்த எதனாலும் இப்படி ஆகவில்லை. அம்மா உனக்கு எப்போதும் அம்மாதான், அப்பா எப்போதும் அப்பாதான்.’ இவ்வளவு போதும். யார் மீது குற்றம் என்பதைப் பிள்ளையிடம் வழக்காடாதீர்கள். சொல்லி முடித்ததும் குழந்தை என்ன கேட்கும் தெரியுமா? ‘என் சைக்கிள் எந்த வீட்டில் இருக்கும்?’ என்று கேட்கும். ‘ஸ்கூல் வேனுக்கு யார் நிற்பீர்கள்?’ என்று கேட்கும். நாம் இவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்கிறோம், இது சைக்கிளைக் கேட்கிறதே என்று மனம் நோக வேண்டாம். தன் உலகத்தில் எது மிஞ்சும் என்பதைத்தான் அது கேட்கிறது. அந்தக் கேள்விக்குச் சரியான பதில் கொடுங்கள். பள்ளி மாறுமா, எங்கே தூங்க வேண்டும், எந்த நாளில் யாரைப் பார்க்கலாம் என்று நிச்சயமாகத் தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாததற்கு ‘இன்னும் முடிவாகவில்லை, முடிவானதும் உன்னிடம் முதலில் சொல்கிறேன்’ என்று சொல்லுங்கள். சொன்னபடி சொல்லவும் வேண்டும்.

ஏழெட்டு வயதுப் பிள்ளைகள், தாங்கள் செய்த ஏதோ ஒரு குறும்புதான் காரணம் என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். ‘நான் நல்ல மார்க் வாங்கினால் சேர்ந்துவிடுவீர்களா?’ என்று கேட்ட பிள்ளைகள் உண்டு. அதைவிடச் சின்னதுகள் மறுபடி படுக்கையை நனைக்கும், விட்டுப்போன விரல் சூப்பும் பழக்கம் திரும்பும். அதட்டாமல் இருந்தால் தானாகக் குறையும். நான் அதிகம் கவலைப்படுவது வேறு ஒருவரைப் பற்றி. அழாத, அடம்பிடிக்காத, எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிற மூத்த பெண். ‘என் மகள் எவ்வளவு பொறுப்பு பாருங்கள்’ என்று அம்மா பெருமைப்படுவார். பன்னிரண்டு வயதில் அவள் தன் அம்மாவுக்கு அம்மாவாகிவிட்டாள். ஜீவனாம்சம் எவ்வளவு, வாய்தா எப்போது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அழுவதற்கு அம்மாவுக்கு ஒரு தோள் வேண்டும், மறுக்கவில்லை. அது அக்கா, தோழி, கவுன்சலர் என்று வயதுவந்த ஒருவரின் தோளாக இருக்கட்டும்.

இப்போது, நான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். குழந்தையைத் தூது அனுப்பாதீர்கள், ஒற்று வேலைக்கும் அனுப்பாதீர்கள்.

பிரிந்து வாழும் அப்பாவையோ அம்மாவையோ பார்க்கும் சந்திப்பு நாள் முடிந்து பிள்ளை வீடு திரும்புகிறது. செருப்பைக் கழற்றுவதற்குள் விசாரணை தொடங்குகிறது. எங்கே போனீர்கள், கூட யார் வந்தார்கள், என்னைப் பற்றி என்ன சொன்னார்? அந்தப் பக்கமும் இதே கதைதான். ‘ஃபீஸ் கட்டச் சொல்லி உன் அப்பாவிடம் சொல்’, ‘என்னிடம் பணம் இல்லை என்று உன் அம்மாவிடம் சொல்’. கோபத்தோடு கொடுத்து அனுப்பிய செய்தியைக் கோபத்தோடு கேட்பவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது அந்தப் பிள்ளைதான். திட்டு விழுவதும் அதற்குத்தான். கொஞ்ச நாளில் பிள்ளை கற்றுக்கொள்கிறது. அம்மாவிடம் ‘அங்கே போரடித்தது’ என்கிறது, அப்பாவிடம் ‘அம்மாதான் விடவில்லை’ என்கிறது. இதைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன், இரண்டு பேரையும் இழக்காமல் இருக்க அது கண்டுபிடித்த வழி.

சந்திப்பு அறையில் நான் பார்த்த ஒரு காட்சி. அப்பா கொண்டுவந்த பென்சில் பெட்டியைச் சிறுமி அரை மணி நேரம் திறந்து திறந்து மூடுகிறாள். ஒவ்வொரு பென்சிலாக எடுத்து முகர்ந்து பார்க்கிறாள். கிளம்பும் நேரம் வந்ததும் அதை என் மேசை ஓரத்தில் வைத்து, ‘அடுத்த தடவை வரைக்கும் இங்கேயே இருக்கட்டும் ஆன்ட்டி’ என்கிறாள். அதை வீட்டுக்குக் கொண்டுபோனால் அம்மாவின் முகம் வாடும் என்று அவளுக்குத் தெரியும். அம்மா கெட்டவர் இல்லை, ஒரு வார்த்தையும் தவறாகச் சொல்லியிருக்க மாட்டார். முகம் மட்டும் வாடியிருக்கும். பிள்ளைகளுக்கு அது போதும். அப்பாவோடு சந்தோஷமாக இருந்துவிட்டு வர உனக்கு அனுமதி உண்டு என்பதை நீங்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ‘நன்றாக இருந்ததா? சரி, கைகால் கழுவிவிட்டு வா, சாப்பிடலாம்’ என்பதற்கு மேல் ஒரு கேள்வியும் வேண்டாம்.

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டம், 1956ஆம் ஆண்டின் இந்து இளையர் மற்றும் காப்பாளர் சட்டம் இரண்டுமே குழந்தையின் நலனைத்தான் மையமாக வைக்கின்றன. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது 1956ஆம் ஆண்டுச் சட்டம். விவரம் தெரிந்த வயதுப் பிள்ளையின் விருப்பத்தை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்கிறது 1890ஆம் ஆண்டுச் சட்டம். இந்தக் கடைசி விதியை நினைத்துத்தான் பலர் பிள்ளைக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுத்து அழைத்து வருகிறார்கள். வேண்டாம். பத்து வயதுப் பிள்ளை வக்கீல் நோட்டீஸ் மொழியில் பேசினால் எந்த நீதிபதிக்கும் புரிந்துவிடும். நீதிமன்றம் கேட்காத நாளில் பிள்ளையை வாய்தாவுக்கு அழைத்து வரவும் வேண்டாம். அந்த நடைகூடத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து பிள்ளை கேட்பதெல்லாம் ஆயுளுக்கும் மறக்காது.

ஜீவனாம்சமும் சந்திப்பும் பண்டமாற்று இல்லை. பணம் தராததால் பார்க்க விடமாட்டேன், பார்க்க விடாததால் பணம் தரமாட்டேன் என்று இரண்டு பக்கமும் பேசுகிறார்கள். இரண்டுமே பிள்ளைக்குச் சேர வேண்டியவை. பெற்றோர் இருவரின் அன்பையும் பெறும் உரிமை குழந்தைக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020இல் யஷிதா சாஹு வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நேரில் வர முடியாத தூரத்தில் இருப்பவர் வீடியோ அழைப்பில் பேசுவதையும் அந்தத் தீர்ப்பு வலியுறுத்துகிறது.

இந்த இடத்தில் ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். அடியும் உதையும் இருந்த வீட்டுக்கு நான் இதுவரை சொன்னது அப்படியே பொருந்தாது. அங்கே பாதுகாப்பு முதலில், மற்றதெல்லாம் பிறகு. பிள்ளைக்குத் தீங்கு நேரும் என்று தெரிந்தால் சந்திப்பையே மறுக்கும் அதிகாரத்தை 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் மாஜிஸ்திரேட்டுக்குக் கொடுத்திருக்கிறது. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்த பெண்ணிடம் ‘பிள்ளைக்காக விட்டுக்கொடு’ என்று யாரும் சொல்லாதீர்கள்.

தாத்தா பாட்டிகளுக்கு ஒரு வேண்டுகோள். நம் குடும்பங்களில் அப்பா போனால் அத்தை, சித்தப்பா, அப்பாயி என்று ஒரு வரிசையே பிள்ளைக்கு இல்லாமல் போகிறது. அம்மா போனால் மாமாவும் பெரியம்மாவும் போகிறார்கள். மருமகளோடு உறவு முறிந்திருக்கலாம், பேத்தியோடு முறியவில்லை. காதுகுத்துக்கு அழைப்பு வராவிட்டாலும் பிறந்தநாளுக்கு ஒரு போன் செய்யுங்கள். பேசும்போது அவள் அம்மாவைப் பற்றி ஒரு சொல்லும் குறைவாகச் சொல்லாதீர்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்காரவைத்து ‘உன் அப்பா இப்போது யாரோடு இருக்கிறார்?’ என்று கேட்கும் உறவினர்களைத் தடுக்க வேண்டியதும் பெரியவர்களாகிய நீங்கள்தான்.

ஆசிரியர்களே, நன்றாக எழுதிய பிள்ளையின் கையெழுத்து திடீரென்று கோணினால், மதிய உணவு டப்பா திறக்கப்படாமல் திரும்பினால், தண்டனைக்கு முன் தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேளுங்கள். வகுப்பில் எல்லோர் முன்னும் கேட்க வேண்டாம். நீதிமன்ற உத்தரவு ஏதும் தடுக்காதவரை, பெற்றோர் கூட்டத்துக்கு இருவருக்கும் தனித்தனியே தகவல் அனுப்புங்கள், வேறு வேறு நேரம் கொடுங்கள். மதிப்பெண் அட்டையில் யாரிடம் கையெழுத்து வாங்குவது என்று தெரியாமல் பையிலேயே வைத்துக்கொண்டு திரியும் பிள்ளைகள் இருக்கிறார்கள். யார் போட்டாலும் சரி என்று நீங்கள் ஒருமுறை சொன்னால் அந்தப் பாரம் இறங்கிவிடும்.

பல வாரங்களாகப் பிள்ளை தூங்காமல், சாப்பிடாமல், பள்ளிக்குப் போக மறுத்தால், தன்னைக் காயப்படுத்திக்கொள்வது பற்றிப் பேசினால், காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் கட்டணமில்லாமல் தமிழிலேயே மனநல ஆலோசனை கிடைக்கும். பிள்ளை தானே அழைத்து உதவி கேட்க 1098 இருக்கிறது. அந்த எண்ணைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

இனி உங்கள் கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன். எழுந்து நின்று கேட்கத் தயங்குகிறவர்கள் சீட்டில் எழுதிக் கொடுக்கலாம், பெயர் போட வேண்டியதில்லை. தனியாகப் பேச வேண்டும் என்கிறவர்களுக்காகக் கூட்டம் முடிந்த பிறகும் நான் இங்கேதான் இருப்பேன்.