கதவோரப் பெஞ்ச்

நேயர்களுக்கு வணக்கம். மனநோய் உள்ள குடும்பங்களைச் சபை எப்படி ஏற்றுக்கொள்ளலாம் என்று பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் டாக்டர் இல்லை, போதகரும் இல்லை. என் அண்ணனுக்கு 19 வயதில் மனச்சிதைவு நோய் வந்தது, அதற்கப்புறமும் அவனோடு ஆலயத்துக்குப் போய் வந்தேன், என் தகுதி அவ்வளவுதான்.

ஒரு ஞாயிறு, பிரசங்கத்தின் நடுவே போதகர், "ராத்திரி முழுக்கத் தூங்காமல் தவித்தவர்கள் இங்கே யாராவது உண்டா?" என்று கேட்டார். பிரசங்கத்தில் கேட்கிற கேள்விக்கு யாரும் பதில் சொல்வதில்லை, அது எல்லோருக்கும் தெரியும், அண்ணனுக்குத் தெரியவில்லை. எழுந்து நின்று, "நான். நாலு ராத்திரி" என்றான். உண்மையைத்தான் சொன்னான். முன்னால் யாரோ சிரித்தார்கள், பாதிச் சபை திரும்பிப் பார்த்தது, அம்மா அவன் கையைப் பிடித்து நடுவழியாக வெளியே கூட்டிக்கொண்டு போனார். ஆலயத்தின் நடுவழி அவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்படியே வீட்டுக்குப் போயிருப்போம், திரும்ப வந்திருக்கவும் மாட்டோம். ஆனால் வாசலில் பாட்டுப் புத்தகம் கொடுக்கிற பெரியவர் பின்னாலேயே வந்தார். அண்ணனுக்கு நிழலில் ஒரு நாற்காலி போட்டுவிட்டு, அம்மாவைப் பார்த்து, "நீ தூங்கினியாம்மா?" என்றார். பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்காத ஆள் கிடையாது; அம்மாவைப் பற்றி அம்மாவிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான். அடுத்த வாரம் போனால், கதவோரக் கடைசிப் பெஞ்சில் எங்களுக்கு மூன்று இடம் பிடித்து வைத்திருந்தார். "நடுவில் போகணும்னா போங்க, திரும்ப வரணும்னா வாங்க, யாரும் ஒண்ணும் கேட்க மாட்டாங்க" என்றார்.

வெளியே போகலாம் என்ற அனுமதி இருந்ததால்தான் எங்களால் உள்ளே உட்கார முடிந்தது. முன்வரிசையில் இடம் கொடுத்து மேடையிலிருந்து பேர் சொல்லி வரவேற்றிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். இந்த நோய்க்குக் கொடுக்கிற மாத்திரைகளில் சில தூக்கம் வரவைக்கும், சில உடம்பைப் பருமனாக்கும், சில மாத்திரைகளால் கால் ஓரிடத்தில் நிற்காது, எழுந்து நடந்துகொண்டே இருக்கத் தோன்றும். ஆராதனையில் தூங்குகிற பையனும் பின்னால் உலாத்துகிற பெண்ணும் மரியாதை தெரியாதவர்கள் இல்லை, மாத்திரையைச் சரியாகச் சாப்பிடுகிறவர்களாக இருக்கலாம்.

மாத்திரை என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது, கோபமும் வருகிறது. உபவாச ஜெபத்துக்கு வீட்டுக்கு வந்த ஒருவர், "விசுவாசம் இருந்தால் இது எதற்கு?" என்று அண்ணனின் மாத்திரை அட்டையைக் காட்டிக் கேட்டார். அம்மா நிறுத்திவிட்டார். இரண்டே மாதத்தில் அண்ணன் ஆஸ்பத்திரியில் இருந்தான், முன்பைவிட மோசமாக. திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்பும் அபாயம் அதிகம் என்பது எந்த மனநல மருத்துவரும் சொல்கிற விஷயம். ஜெபம் பண்ணுங்கள், தாராளமாகப் பண்ணுங்கள், ஆனால் டோஸ் பற்றிப் பேசுகிற வேலை மருத்துவருடையது. விசுவாசக் குறைவு என்கிறவர்களுக்கு மாற்கு சுவிசேஷத்தின் 2ஆம் அதிகாரத்தை நினைவுபடுத்துவேன்: நடக்க முடியாத திமிர்வாதக்காரனை நாலு பேர் சுமந்து வந்து, கூட்டத்தில் வழியில்லாமல் இயேசு இருந்த வீட்டின் கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். படுத்திருந்தவனிடம் உனக்கு எவ்வளவு விசுவாசம் என்று யாரும் கேட்கவில்லை. இயேசு 'அவர்கள்' விசுவாசத்தைக் கண்டார் என்றுதான் எழுதியிருக்கிறது.

அப்புறம் ஜெபக்குறிப்பு. நல்லெண்ணத்தில்தான் மைக்கில் வாசிக்கிறார்கள், ஆனால் பேரும் நோயும் ஒன்றாக வந்துவிட்டால் அது மத்தியானத்துக்குள் செய்தியாகிவிடும். முதலில் சம்பந்தப்பட்டவரையே கேளுங்கள்: சொல்லலாமா, எந்த வார்த்தையில் சொல்லட்டும்?

இது அபூர்வமான ஒன்று என்று நினைக்க வேண்டாம். 2019இல் உலகத்தில் 8 பேரில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்தக் கணக்கில் 200 பேர் சபை என்றால் 25 பேர். உங்கள் சபையில் ஒருவரும் இல்லை என்றால், அவர்கள் சொல்லவில்லை என்று அர்த்தம், இல்லாவிட்டால் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

பெல்ஜியத்தில் கேல் என்ற ஊரில் மனநோயாளிகளின் பாதுகாவலரான புனித திம்ப்னாவின் ஆலயத்துக்கு இடைக்காலத்திலிருந்தே மனநோயாளிகளைக் கூட்டி வந்தார்கள். ஆலயத்தை ஒட்டிய இடம் போதாமல் போகவே, ஊர்க்காரர்கள் வீட்டில் சேர்த்துக்கொண்டார்கள், அந்தப் பழக்கம் சிறிய அளவில் இன்றும் நடக்கிறது. நம்மால் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது, சரி. சனிக்கிழமை இரண்டு மணிநேரம் போய் நோயுள்ள ஒரு பையனோடு உட்கார்ந்திருந்தால் அவனுடைய அம்மா தூங்கலாம். என் அம்மாவுக்கு அது வருஷத்தில் நாலு முறை கிடைத்தது, அந்த நாலு பேரின் பெயரும் அவருக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஒன்றில் மட்டும் தயங்கக் கூடாது. யாராவது "வாழ்ந்தது போதும்" என்ற மாதிரிப் பேசினால், சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. ஆமாம் என்றால் ரகசியம் காக்காதீர்கள், தனியாக விடாதீர்கள், அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள், ஜெபத்தைப் போகிற வழியில் பண்ணலாம்.

அந்தப் பெரியவர் இப்போது இல்லை. வாசலில் பாட்டுப் புத்தகம் கொடுக்கிறது என் அண்ணன். எல்லா வாரமும் இல்லை, முடிகிற வாரம். பிரசங்கம் ஆரம்பித்ததும் இரண்டு தடவை வெளியே போய் வருவான். வராத ஞாயிறுகளில் சபையிலிருந்து யாராவது போன் பண்ணுகிறார்கள். முன்பெல்லாம் எனக்குத்தான் பண்ணுவார்கள், இப்போது அவனுடைய போனுக்கே பண்ணுகிறார்கள். சில சமயம் எடுக்கிறான்.