காணாத தோட்டத்துக்கு யோசனை சொல்வது

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டுத் தோட்டத்தைப் பற்றிப் பல ஆண்டுகளாக இதழ்களில் எழுதியும் மேடைகளில் பேசியும் வருகிறேன். அந்த அனுபவத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று வானொலி நிலையத்தார் அழைத்தபோது, செடிகளைப் பற்றி எழுதுவதும் பேசுவதும் எப்படிப்பட்ட வேலை என்பதையே இன்று சொல்லலாம் என்று எண்ணினேன்.

மருத்துவர் நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்த்த பிறகு மருந்து எழுதுகிறார். தோட்டத்தைப் பற்றி எழுதுபவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. படிப்பவரின் மண் களிமண்ணா மணற்பாங்கானதா, செடியின் மேல் எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது, தண்ணீரில் உப்பு எவ்வளவு என்பது எதுவும் அவருக்குத் தெரியாது. ‘தினமும் காலையில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றுங்கள்’ என்று அவர் எழுதிவிட்டால், அதே வரி ஒரு வீட்டில் செடியைக் காப்பாற்றும், அடுத்த வீட்டில் வேரை அழுக வைக்கும். காரணத்தோடு சேர்த்துச் சொன்ன யோசனையை மட்டுமே படிப்பவர் தம்முடைய இடத்துக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ள முடியும் என்பது, இந்தப் பணி எனக்குக் கற்றுக்கொடுத்த எல்லாவற்றிலும் முதன்மையானது.

நான் எழுதத் தொடங்கியது ஒரு மாத இதழின் கேள்வி-பதில் பகுதியில். அங்கே வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே வரியில் முடிந்துவிடும்: செடியின் இலைகள் மஞ்சளாகின்றன, என்ன உரம் போடலாம்? இந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல காரணங்கள் ஒளிந்திருக்கலாம். நைட்ரஜன் என்னும் தழைச்சத்து செடிக்குள் இடம்பெயரக் கூடியது. அது போதாமல் போகும்போது செடி தன் முதிர்ந்த இலைகளில் உள்ளதை எடுத்து இளந்தளிர்களுக்கு அனுப்பிவிடும், அதனால் அடியில் உள்ள இலைகள்தாம் முதலில் மஞ்சளாகும். இரும்புச்சத்து அவ்வாறு எளிதில் நகர்வதில்லை. ஆகவே அந்தக் குறை உச்சியில் உள்ள புதிய இலைகளில் தெரியும். நரம்புகள் பச்சையாகவே இருக்க, இடைப்பகுதி மட்டும் வெளுக்கும். மண்ணில் காரத்தன்மை மிகுந்திருந்தால், இரும்பு அங்கே போதுமான அளவு இருந்தும் வேரால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. எனவே மஞ்சள் எந்த இலையில் தொடங்கியது என்று கேட்காமல் உரத்தின் பெயரைச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. பதில் நீண்டுவிடுகிறது என்று இதழாசிரியர்கள் சில நேரம் வருந்தியதுண்டு. ஆனால் அந்த நீளம்தான் படிப்பவரைத் தம் செடியைத் தாமே உற்றுப் பார்க்க வைத்தது.

தண்ணீர் பற்றிய கேள்விகளும் அப்படித்தான். வேருக்கு நீரைப் போலவே காற்றும் வேண்டும். மண்ணின் இடைவெளிகள் முழுவதும் நீரால் நிறைந்துவிட்டால் ஆக்சிஜன் என்னும் உயிர்வளி கிடைக்காமல் வேர் செயலிழந்து, தன்னைச் சுற்றி நிற்கும் நீரையே உறிஞ்ச முடியாமல் போகிறது. ஈரமண்ணில் நிற்கும் செடி வாடித் தலை தொங்குவது இதனால்தான். அதைப் பார்த்தவர் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுகிறார். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்த பிறகே ஊற்ற வேண்டும் என்று நான் எழுதாத ஆண்டே இல்லை, இனியும் எழுதுவேன்.

எழுத்திலிருந்து பேச்சுக்கு வந்தபோது, எனக்கு முன்னால் இந்தப் பாதையில் நடந்தவர்களைப் பற்றிப் படித்தேன். வானொலியும் தோட்டக்கலையும் நெடுநாள் உறவுடையவை. பிரிட்டனில் மிடில்டன் என்பவர் 1931ஆம் ஆண்டு முதல் பி.பி.சி. வானொலியில் தோட்டம் பற்றிப் பேசினார். வேலிக்கு அந்தப்புறம் நின்று பேசும் அண்டைவீட்டுக்காரரைப் போன்ற எளிமை அவருடைய பேச்சில் இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது உணவுத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க மக்கள் தங்கள் தோட்டங்களில் காய்கறி பயிரிட வேண்டியிருந்த காலத்தில், அந்தக் குரல் மிகவும் பயன்பட்டது. அவர் 1945இல் மறைந்தார். 1947இல் அதே பி.பி.சி. தொடங்கிய தோட்டக் கேள்வி-பதில் நிகழ்ச்சி இன்றும் தொடர்கிறது. ஊர் ஊராகச் சென்று, அரங்கில் கூடியிருப்பவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு வல்லுநர்கள் சிலர் சேர்ந்து பதில் சொல்வது அதன் முறை. ஒரே கேள்விக்கு இரண்டு வல்லுநர்கள் மாறுபட்ட பதில்களைச் சொல்வதும், இருவரும் தத்தம் மண்ணையும் பருவத்தையும் பொறுத்தவரை சரியாகச் சொல்வதும் அங்கே இயல்பானது. அந்த மாறுபாட்டை மறைக்காமல் ஒலிபரப்புவதை நான் மிகவும் மதிக்கிறேன்.

என் மேடைப் பேச்சுகளிலும் கேள்வி நேரத்துக்கே பாதிக்கு மேல் ஒதுக்கச் சொல்வேன். கடிதத்தில் கேட்க முடியாத எதிர்க்கேள்வியை அங்கே கேட்கலாம். ஒரு கூட்டத்தில் ஓர் அம்மையார் தக்காளிக் காய்களைக் கொண்டுவந்து காட்டினார். காம்புக்கு எதிர்ப்புறத்தில், அடியில், கறுத்துக் குழிந்திருந்தது. சுண்ணாம்புச்சத்துக் குறைவு என்று கேள்விப்பட்டு முட்டை ஓடுகளைப் பொடித்துப் போட்டு வந்தாராம். காயில் அந்தச் சத்துக் குறைவது உண்மைதான். ஆனால் அது நீரோடு சேர்ந்தே செடிக்குள் பயணம் செய்வது, அதிலும் வேகமாக நீரை வெளிவிடும் இலைகளுக்கே பெரும்பங்கு போய்விடும். மண் சில நாள் காய்ந்தும் சில நாள் ஊறியும் கிடந்தால், மண்ணில் சத்து இருந்தும் காய்க்கு வந்து சேராது. முட்டை ஓடோ மிக மெதுவாகவே கரையும். “தண்ணீரை எப்போது ஊற்றுகிறீர்கள், அம்மா?” என்று கேட்டேன். வார நாள்களில் வேலைக்குப் போவதால் விடுமுறை நாளில் மொத்தமாக ஊற்றுவதாகச் சொன்னார். காய்ந்த இலை, வைக்கோல் போன்றவற்றால் மண்ணுக்கு மூடாக்கு இட்டு ஈரத்தைச் சீராக வைத்திருக்கும் வழியைப் பற்றி அன்று அரங்கம் முழுவதும் பேசியது.

தொட்டியின் அடியில் கூழாங்கல் பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்று நம்புபவர்களும் எல்லாக் கூட்டங்களிலும் இருக்கிறார்கள். நுண்ணிய மண், முழுவதும் நனைந்து நிறையும் வரை, கீழே உள்ள பருமனான கல்லுக்குள் நீரை இறங்க விடாது. கல் அடுக்கு உயர்ந்தால் ஈரம் தேங்கும் பகுதியும் வேரை நோக்கி உயர்கிறது. போதுமான துளைகளும் பொலபொலப்பான மண்கலவையும்தான் வடிகாலுக்குத் தேவை.

எதையும் செய்யாதீர்கள் என்று சொல்லவும் எழுத்தாளருக்குத் துணிவு வேண்டும். பூசணிக் கொடி நிறையப் பூத்தும் பிஞ்சு பிடிக்கவில்லை என்று கவலையோடு கேட்பார்கள். அந்தக் கொடியில் பெரும்பாலும் ஆண் பூக்களே முதலில் வரும்; அடியில் சிறு பிஞ்சைத் தாங்கிய பெண் பூக்கள் பின்னரே தோன்றும். அவை வந்த பிறகும் தேனீக்கள் வராவிட்டால், காலையில் பூ விரிந்திருக்கும்போது ஆண் பூவைப் பறித்து அதன் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் உள்ள சூல்முடியில் தடவினால் போதும். பெண் பூக்கள் வரும்வரை காத்திருப்பதுதான் மருந்து. ஏதேனும் ஒன்றைத் தெளிக்கச் சொன்னால்தான் கேட்பவருக்குத் திருப்தி ஏற்படும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் தேவையற்ற தெளிப்பு, வர வேண்டிய தேனீயையும் விரட்டிவிடும்.

உங்களில் பலர் தோட்டம் பற்றிய கேள்விகளை இந்த நிலையத்துக்கு எழுதுவதாக அறிகிறேன். எழுதும்போது செடி தொட்டியில் இருக்கிறதா தரையில் இருக்கிறதா, எத்தனை மணி நேரம் நேரடி வெயில் படுகிறது, கடைசியாக எப்போது எவ்வளவு தண்ணீர் விட்டீர்கள், குறை முதலில் பழைய இலையில் தெரிந்ததா புதிய இலையிலா, அண்மையில் என்ன உரம் இட்டீர்கள் என்பவற்றையும் சேர்த்து எழுதுங்கள். இலையின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்து, பூச்சிகளோ முட்டைகளோ வெண்படலமோ இருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். பதில் சொல்பவருக்கு அது பேருதவியாக இருக்கும்.

நன்றி, வணக்கம்.