சட்டிக்கு ஒரு கூலி, கரணைக்கு ஒரு கூலி

எல்லோருக்கும் வணக்கம். மேடையில் இருப்பவர்களை ஒவ்வொருவராக விளிக்க ஆரம்பித்தால் பத்து நிமிடம் அதிலேயே போய்விடும். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஆண், பெண் சம்பள வித்தியாசம் பற்றிப் பேச்சை எடுத்தாலே ஒரு பதில் தயாராக இருக்கும். "அதெல்லாம் அந்தக் காலம் சார், இப்போதான் சட்டம் இருக்கே!" சட்டம் இருப்பது உண்மைதான். 1976லேயே சம ஊதியச் சட்டம் வந்துவிட்டது. அரசுப் பள்ளி ஆசிரியைக்கும் வங்கியில் வேலை பார்க்கும் பெண்ணுக்கும், பக்கத்து நாற்காலியில் இருக்கும் ஆணுக்கு என்ன சம்பளமோ அதேதான். அப்படியானால் வித்தியாசம் எங்கே ஒளிந்திருக்கிறது? சம்பளப் பட்டியலில் தேடினால் கிடைக்காது. யாருக்கு எந்த வேலை என்று பிரித்துவிடுகிறார்களே, அங்கேயே அது முடிந்துவிடுகிறது. பட்டியல் போடுவது அதற்குப் பிறகுதான்.

உங்களில் பாதிப் பேர் கட்டட வேலைக்காரர்கள், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். காலையில் ஒரு பையனும் ஒரு பெண்ணும் ஒரே நாளில் வேலைக்குச் சேருகிறார்கள் என்று வையுங்கள். இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியாது. பையன் மம்பட்டி பிடிக்கிறான், பெண் சட்டி தூக்குகிறாள். முதல் நாளே அவன் கூலி கொஞ்சம் கூட. சரி, அதை விடுங்கள். மதியம் சாப்பிட்டுவிட்டுக் கொத்தனார் கொஞ்சம் கண் அசரும்போது, அந்தப் பையன் கரணையை எடுத்துப் பின்பக்கச் சுவரில் நாலு கல் வைத்துப் பார்ப்பான். கொத்தனார் எழுந்து வந்து திட்டுவார். திட்டிக்கொண்டே நூல் பிடிக்கவும் சொல்லிக் கொடுப்பார். மூன்று நான்கு வருடத்தில் அவன் கையில் தூக்குக்குண்டும் மட்டப்பலகையும் வந்துவிடும், அவனும் கொத்தனார். அந்தப் பெண் இருபது வருடம் கழித்தும் சித்தாள்தான். மணலைக் கையில் அள்ளிப் பார்த்தே இன்னும் சலிக்க வேண்டுமா என்று சொல்லிவிடுவாள். கல் கட்டுக்கு எவ்வளவு தண்ணீர், பூச்சுக்கு எவ்வளவு இளக்கம் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் அவள் ஒருநாள் கரணையை எடுத்துப் பார்த்தால் திட்டு மட்டும்தான் கிடைக்கும், பாடம் கிடைக்காது.

கொத்தனாருக்குக் கூலி ஏன் அதிகம் என்று கேட்டால், "அது கைத்திறமை வேலை, இது வெறும் சுமக்கிற வேலை" என்பார்கள். நியாயமான பதில் மாதிரி இருக்கிறது, இல்லையா? இதே கேள்வியோடு வயலுக்குப் போங்கள். நாற்றைப் பிரித்து, இடைவெளி பார்த்து, சேற்றில் குனிந்தபடி வரிசை பிசகாமல் நடுகிறவள் பெண். வரப்பு வெட்டுவதும் மூட்டை தூக்குவதும் ஆண். அங்கே யாருக்குக் கூலி அதிகம்? ஆணுக்குத்தான். ஏன் என்றால், "அது பாரம் தூக்குகிற வேலை, உடம்பு வலு வேண்டும்" என்பார்கள். அதாவது வயலில் வலுவுக்குக் காசு, திறமைக்குக் காசு இல்லை. கட்டடத்தில் திறமைக்குக் காசு, வலுவுக்குக் காசு இல்லை. தலையில் கல்லைச் சுமந்துகொண்டு மூன்றாம் மாடி ஏறுகிறவளுக்கு வலு இல்லையா? நாற்று நடுகிறவளுக்குத் திறமை இல்லையா? இடத்துக்கு ஏற்ப அளவுகோல் மாறுகிறது. எங்கே போய் அளந்தாலும் பெண் குறைவாகவே வருகிறாள். இதைத்தான் நான் மோசடி என்கிறேன்.

அலுவலகத்திலும் இதே கதைதான். பம்பாயில் மெக்கின்னன் மெக்கன்சி என்ற கப்பல் கம்பெனியில் ஸ்டெனோகிராஃபர்களாக இருந்த பெண்களுக்கு, அதே வேலை பார்த்த ஆண்களைவிடச் சம்பளம் குறைவு. ஆட்ரி டிகோஸ்டா என்ற பெண் வழக்குப் போட்டார். கம்பெனி சொன்ன சமாதானத்தைக் கேளுங்கள்: இவர்கள் சாதாரண ஸ்டெனோகிராஃபர்கள் இல்லையாம், அதிகாரிகளுக்கென்று தனியாக வைத்திருக்கும் அந்தரங்க ஸ்டெனோகிராஃபர்களாம், அதனால் தனி வகையாம். இன்னொரு கொடுமை, அந்தச் சம்பள வித்தியாசம் தொழிற்சங்கத்தோடு போட்ட ஒப்பந்தத்திலேயே இருந்தது. நம் ஆட்களும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், அதையும் சொல்லத்தானே வேண்டும். 1987ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சமாதானத்தைத் தள்ளிவிட்டது. அந்த இடத்தில் பெண்கள் மட்டும் இருக்கிறார்கள் என்றால் நிர்வாகம் அப்படி வைத்திருப்பதுதான் காரணம் என்றது தீர்ப்பு. கம்பெனி நஷ்டத்தில் ஓடுகிறது என்ற சாக்கையும் ஏற்கவில்லை.

ஆனால் எல்லாத் தீர்ப்பும் அப்படி வரவில்லை. அதற்கு ஆறு வருடம் முன்னால், 1981ல், ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்கள் வழக்கு. 35 வயதில் ஓய்வு, நான்கு வருடத்துக்குள் கல்யாணம் செய்தால் வேலை போச்சு, முதல் கர்ப்பத்திலேயே வேலை போச்சு என்பது அன்றைய விதி. கர்ப்ப விதியை நீதிமன்றம் ரத்து செய்தது. நல்லது. ஆனால் விமானத்துக்குள் கிட்டத்தட்ட அதே வேலையைப் பார்த்த ஆண் ஊழியர்களோடு ஒப்பிடக் கேட்டபோது, ஆள் எடுக்கும் முறை வேறு, பதவி உயர்வு வேறு, ஆகவே இரண்டும் தனித்தனிப் பிரிவு என்று சொல்லிவிட்டது. பிரித்து வைத்தவர் யார்? அதே நிர்வாகம். பிரித்து வைத்ததையே காரணமாகக் காட்டிப் பிரிவு நியாயம் என்றாகிவிட்டது. எனக்கு இது இன்றுவரை ஜீரணமாகவில்லை.

இங்கிலாந்தில் டாகன்ஹாம் என்ற ஊரில் ஃபோர்டு கார் தொழிற்சாலை. கார் சீட்டுக்கு உறை தைக்கிற 187 பெண்கள் 1968 ஜூனில் வேலையை நிறுத்தினார்கள். தையல் மெஷினில் பரீட்சை வைத்துத்தான் அவர்களை வேலைக்கு எடுத்திருந்தார்கள். எடுத்த பிறகு திறமை குறைந்த வேலை என்று 'பி' கிரேடில் தள்ளிவிட்டார்கள், அந்தக் கிரேடிலும் ஆணுக்குக் கொடுப்பதில் 85 சதவீதம்தான். சீட் இல்லாமல் காரை விற்க முடியுமா? மூன்று வாரத்தில் கம்பெனி இறங்கி வந்தது. அமைச்சர் பார்பரா காசில் தலையிட்டு, 92 சதவீதம் என்று பேசி முடித்தார்கள். 1970ல் அந்த நாட்டில் சம ஊதியச் சட்டம் வந்ததற்கு இது ஒரு பெரிய காரணம். எல்லோரும் இதை வெற்றிக் கதையாகச் சொல்வார்கள். ஆனால் அந்தப் பெண்கள் முதலில் கேட்டது சதவீதம் இல்லை. எங்கள் வேலையைத் திறமையான வேலை என்று ஒப்புக்கொண்டு 'சி' கிரேடு கொடு என்பதுதான். அது கிடைக்க இன்னொரு வேலைநிறுத்தமும் 1984ம் ஆண்டும் வேண்டியிருந்தது. பணத்தைக்கூடக் கொடுத்துவிடுவார்கள் போலிருக்கிறது, 'உனக்குத் திறமை உண்டு' என்று ஒப்புக்கொள்ளத்தான் பதினாறு வருடம் ஆனது.

நம் சட்டத்தில் ஓட்டை இங்கேதான் இருக்கிறது. ஒரே மாதிரி வேலைக்கு ஒரே ஊதியம் என்கிறது சட்டம். 2019ல் நிறைவேற்றிய ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையேதான் சொல்கிறது. ஆனால் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1951ம் வருட உடன்படிக்கை, 'சம மதிப்புள்ள வேலை' என்கிறது. அதில் இந்தியா 1958லேயே சேர்ந்துவிட்டது. சம மதிப்பு என்றால் சித்தாள் வேலையையும் மம்பட்டி வேலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடை போடலாம். ஒரே மாதிரி வேலை என்று மட்டும் சொன்னால், மேஸ்திரி சிரித்துக்கொண்டே சொல்வார்: "ரெண்டும் வேற வேற வேலைம்மா."

மாதச் சம்பளக்காரர்களுக்கு முதல் குழந்தை பிறந்ததும் விழுகிற அடி தனிக் கதை. கிளாடியா கோல்டினுக்கு 2023ல் பொருளாதார நோபல் கிடைத்ததே இந்த மாதிரி ஆராய்ச்சிக்குத்தான். அதை இன்னொரு நாள் பேசலாம். கிரிக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தை மட்டும். 2022ல் இந்திய வாரியம் ஆண், பெண் இருவருக்கும் ஆட்டத்துக்கு ஒரே தொகை என்று அறிவித்தது. டெஸ்டுக்கு 15 லட்சம். கைதட்டினோம். ஆனால் பெண்களுக்கு வருடத்துக்கு ஒரு டெஸ்டோ இரண்டோ நடந்தால் பெரிது.

வேலையைப் பிரிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை நூறு நாள் வேலையில் நம் கண்ணாலேயே பார்த்தோம். ஏரி வேலை, வாய்க்கால் வேலை, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி விகிதம். தமிழ்நாட்டில் அந்த வேலை நாட்களில் பத்தில் எட்டுக்கு மேல் பெண்களுடையது. ஆண்கள் ஏன் வரவில்லை? வெளியே அவர்களுக்கு அதைவிட அதிகம் கிடைத்தது. பெண்களுக்குக் கிடைக்கவில்லை, அதனால் வந்தார்கள். "நடவுக்கு ஆள் கிடைக்கலை" என்று புலம்பியவர்கள் உண்டு. ஆள் இருந்தது ஐயா, பழைய கூலிக்குத்தான் ஆள் இல்லை.

அடுத்து கூலி பேச உட்காரும்போது சித்தாள் கூலியில் ஐம்பது ரூபாய் கூட்டிக் கேட்பதோடு எழுந்துவிடாதீர்கள். மூன்று வருடம் வேலை பார்த்த சித்தாளுக்குக் கரணை கொடுத்துப் பழக்க வேண்டும் என்று கேளுங்கள். பெண்ணால் முடியுமா என்று யாராவது கேட்டால், ஜார்க்கண்டில் ராணி மிஸ்திரி என்று பெயர் வாங்கிய பெண் கொத்தனார்கள் கிராமம் கிராமமாகக் கழிப்பறை கட்டியதைச் சொல்லுங்கள். சாரத்தில் ஏறுவாளா என்றால், இப்போது சட்டியோடு ஏறுகிறவள் யார் என்று திருப்பிக் கேளுங்கள். முகம் சுளிக்கப்போவது மேஸ்திரி மட்டும் இல்லை, இங்கே உட்கார்ந்திருக்கும் கொத்தனார்களிலும் சிலர் சுளிப்பீர்கள். பெண்கள் வந்தால் நம் கூலி இறங்கிவிடும் என்ற பயம். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. பெண் கொத்தனாருக்கு நூறு ரூபாய் குறைவு என்று நீங்கள் இன்றைக்கு ஒப்புக்கொண்டால், நாளைக்கு உங்களை யாரும் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். அதனால் கரணை பிடிக்கிற கை யாருடையதாக இருந்தாலும் ஒரே கூலி என்பதை முதல் நாளே எழுத்தில் வாங்கிவிடுங்கள். அதற்குப் பிறகு பழக்க ஆரம்பியுங்கள்.