பேச்சுவார்த்தையில் எதிர்த் தரப்பு யார்?

அவையோருக்கு வணக்கம்.

கோவைக்கு அருகே சோமனூர்ப் பக்கத்தில் விசைத்தறிகளைப் பற்றிக் கள ஆய்வு தொடங்கியபோது, முதலாளிக்கு ஒன்று, தொழிலாளிக்கு ஒன்று என இரண்டு வினாப்படிவங்களை அச்சடித்துக்கொண்டு போயிருந்தேன். எட்டுத் தறி வைத்திருந்த ஒரு பெரியவர் இரண்டையும் வாங்கிப் புரட்டிவிட்டு, "ஏனுங்க தம்பி, இதுல நான் எதுக்குங்க பதில் சொல்றது?" என்று கேட்டார். தறியும் கொட்டகையும் அவருடையவை. பாவும் ஊடையும் ஜவுளி உற்பத்தியாளர் கொடுப்பவை. நெய்து கொடுத்தால் அவருக்குக் கூலி. இரண்டு பேருக்குச் சம்பளம் தருகிறார் என்பதால் அவர் முதலாளி. ஆனால் கூலி உயர்வு கேட்டு 2022-இலும் 2025-இலும் இப்பகுதியில் வாரக்கணக்கில் தறிகளை நிறுத்தியவர்கள் அவரைப் போன்ற உரிமையாளர்கள்தாம். அன்று இரண்டு படிவங்களையும் அவரிடமே நிரப்பிக்கொண்டு திரும்பினேன். என் ஆய்வு உண்மையில் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கியது.

தொழிலுறவுப் பாடநூல்கள் சங்கம், நிர்வாகம், அரசு என மூன்று தரப்புகளை முன்வைத்தே எழுதப்பட்டவை. கோவையின் பஞ்சாலைகளுக்கு அந்த வரைபடம் பொருந்தியது. 1888-இல் ஸ்டேன்ஸ் ஆலை எழுந்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் பீளமேட்டிலும் சிங்காநல்லூரிலும் ஆலைகள் பெருகின. ஆலைக்கு ஒரு வாயில் இருந்தது, வாயிலில் கூட்டம் நடந்தது, உள்ளே யாரிடம் பேச வேண்டும் என்பதில் ஐயம் இல்லை. அந்த மோதலின் கடுமையைச் சின்னியம்பாளையம் சொல்லும். 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் அவ்வூரின் நான்கு ஆலைத் தொழிலாளர்கள் தூக்கிலிடப்பட்டார்கள்.

இந்த ஆலைகளை ஆராய்ந்தவர்களில் இருவரை இங்கே குறிப்பிட வேண்டும். ஈ. ஏ. ராமசாமி, தொழிலாளியையும் அவனது சங்கத்தையும் பற்றி 1977-இல் வெளியிட்ட நூலுக்குக் களம் கோவைதான். உமா ராமசாமி 1983-இல் வெளியிட்ட நூல் வேலை, சங்கம், சமூகம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தது. தலைவர்களின் அறிக்கைகளை மட்டும் வைத்துச் சங்க வரலாறு எழுதும் வழக்கத்திலிருந்து விலகி, சந்தா கட்டுகிறவரின் பக்கத்திலிருந்து சங்கத்தைப் பார்த்ததே அவர்களின் பெரிய பங்களிப்பு என்பது என் மதிப்பீடு. ஆனால் அவர்கள் பார்த்த தொழிலாளி ஆலையின் பதிவேட்டில் பெயர் உள்ளவர். பதிலியாக, அதாவது வராதவருக்கு மாற்றாளாக, சேர்ந்தவர்கூட என்றாவது நிரந்தரமாவோம் என்று காத்திருக்க முடிந்த காலம் அது.

திருப்பூரில் கதை வேறு. பஞ்சப்படி கேட்டு 1984-இல் பனியன் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தம் 127 நாள் நீடித்தது. அதன் பிறகு நடந்ததைத்தான் ஆய்வாளர்கள் அதிகம் பேசுகிறார்கள். நிட்டிங் ஓரிடம், கட்டிங் ஓரிடம், பவர்டேபிள் என்னும் தையல் ஓரிடம், செக்கிங் வேறோரிடம் என்று உற்பத்தி சிறு சிறு துண்டுகளாகப் பிரிந்து, பிறருக்குக் கூலிக்குச் செய்து தரும் ஜாப் ஒர்க்காகப் பரவியது. கவுண்டர் விவசாயக் குடும்பங்களிலிருந்து தொழிலாளியாக வந்து முதலாளியானவர்கள் தங்கள் உழைப்பையே தங்கள் மூலதனமாகச் சொல்லிக்கொள்வதை ஷரத் சாரி 2004-இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்தார். நேற்றுவரை பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருந்தவர் இன்று முதலாளியாக எதிரே நிற்கும்போது, சங்கம் யாரை எதிர்த்துக் கோஷம் போடுவது?

இந்தச் சிக்கல் ஒப்பந்தங்களில் தெளிவாகத் தெரிகிறது. சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தின்கீழ், தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன்னிலையில் கையெழுத்தான 12(3) பிரிவு ஒப்பந்தம் அந்நிறுவனத்தின் எல்லாத் தொழிலாளர்களையும், பின்னாளில் சேர்பவர்களையும் கட்டுப்படுத்தியது. இரு தரப்பும் தாமாகச் செய்துகொண்ட 18(1) பிரிவு ஒப்பந்தமோ கையெழுத்திட்டவர்களை மட்டுமே கட்டுப்படுத்தியது. உரிமையாளர் சங்கத்தில் உறுப்பினராக இல்லாத ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டில் பீஸ் ரேட்டுக்கு (எண்ணிக்கைக் கூலிக்கு) தைக்கும் பெண்ணுக்கு, நாளிதழில் பெரிய எழுத்தில் வந்த சம்பள உயர்வு வந்து சேர்வதற்கு அச்சட்டத்தில் நேர்வழி இருக்கவில்லை. ஒப்பந்த நகலை மட்டும் படித்துவிட்டு ஆய்வுக் கட்டுரை எழுதுகிற நண்பர்களிடம் (தொடக்கத்தில் நானும் அப்படித்தான் எழுதினேன்) அந்தப் பெண்ணின் சனிக்கிழமைச் சம்பளக் கணக்கையும் ஒருமுறை வாங்கிப் பாருங்கள் என்று சொல்வது வழக்கம்.

பஞ்சாலைகளும் மாறிவிட்டன. இளம்பெண்களை விடுதியில் தங்கவைத்து, மூன்றாண்டு முடிந்தால் மொத்தத் தொகை என்று சேர்த்த சுமங்கலித் திட்டத்தை நீங்கள் அறிவீர்கள். 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று தமிழ்நாடு 1981-இல் சட்டம் இயற்றியிருந்தும், பயிற்சியாளர் என்ற பெயரில் அந்தப் பெண்கள் நிறுத்திவைக்கப்பட்டார்கள். வேலை முடிந்ததும் தொழிலாளி வாயிலைத் தாண்டி வெளியே வருவதே இல்லையென்றால் வாயில் கூட்டத்துக்கு யார் வருவார்?

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்புச் சட்டத்தை இந்தப் பின்னணியில்தான் படிக்க வேண்டும். மஸ்டர் ரோலில், அதாவது நிறுவனத்தின் தொழிலாளர் பதிவேட்டில், உள்ள தொழிலாளர்களில் 51 விழுக்காட்டினரின் ஆதரவு பெற்ற சங்கமே தனித்துப் பேசும் சங்கமாகும் என்கிறது அது. எந்தச் சங்கத்தோடு பேசுவது என்பதே நிர்வாகத்தின் விருப்பமாக இருந்துவந்த நிலையில், இது ஒரு முன்னேற்றம் என்று வாதிடுவோரை நான் மறுக்கவில்லை. ஆயினும் 51 விழுக்காட்டைக் கணக்கிடுவதற்கு முன்னால் நூறு யார் என்பது தெரிய வேண்டும். ஒப்பந்தக்காரர் அழைத்துவந்த ஒடிசா இளைஞர், விடுதிப் பயிற்சியாளர், வீட்டிலேயே பிசிறு வெட்டித் தரும் பெண் ஆகியோரில் எவர் பெயர் எந்த நிறுவனத்தின் மஸ்டர் ரோலில் இருக்கிறது என்பதை வீதி வீதியாகப் போய்த் தொகுப்பதே என் மாணவர்கள் இப்போது செய்துவரும் வேலை. இம்முறை அவர்கள் கையில் ஒரே படிவம்தான் இருக்கிறது; பதில் சொல்பவர் முதலாளியா தொழிலாளியா என்பதை அதன் கடைசிக் கேள்வியாக வைத்திருக்கிறோம்.