பாம்புக் கூண்டில் கூளமும் தீனியும்

நேயர்களுக்கு வணக்கம். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கால்நடை மருத்துவம் பார்க்கும் எங்களிடம் மாடு, ஆடு, கோழி, நாய் என்று வந்துகொண்டிருந்த வரிசையில் இப்போது அவ்வப்போது துணிப்பையில் கட்டிய பாம்பும் வருகிறது. ஓசூர்ப் பக்கம் வேலைக்கு வந்து குடியேறிய இளைஞர்கள்தான் பெரும்பாலும் கொண்டுவருகிறார்கள். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பால் பைத்தான் (பந்து மலைப்பாம்பு), அமெரிக்காவைச் சேர்ந்த கார்ன் ஸ்நேக் ஆகிய நஞ்சற்ற வகைகளைப் பற்றியே இன்று பேசுகிறேன். நல்ல பாம்பு, சாரை, மலைப்பாம்பு, மண்ணுளி ஆகிய நம் ஊர்ப் பாம்புகளை வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பால் பைத்தான் வைத்திருப்பவர்களும் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் அதைப் பதிவு செய்திருக்க வேண்டும்.

வளர்ப்பவர்கள் கேட்கும் கேள்வி இதுதான்: கூண்டில் மரத்தூளோ தேங்காய் நார்த்தூளோ கூளமாகப் போட்டிருக்கும்போது அதன் மேலேயே எலியைக் கொடுக்கலாமா, அல்லது ஒவ்வொரு முறையும் பாம்பைத் தூக்கி வெறும் டப்பாவில் விட்டுத்தான் தீனி கொடுக்க வேண்டுமா?

பாம்பு தீனி உண்ணும் விதத்தைக் கவனித்தால் இதற்கான விடை பாதி கிடைத்துவிடும். பாம்பு மெல்லுவதில்லை. உள்நோக்கி வளைந்த பற்களால் இரையைப் பிடித்துக்கொண்டு, தாடையின் வலப்பக்கத்தையும் இடப்பக்கத்தையும், கிணற்றுக் கயிற்றை இரண்டு கைகளும் மாறி மாறி இழுப்பது போல முன்னே நகர்த்தி, இரையின் மேல் தன் வாயை ஏற்றிக்கொள்கிறது. அந்தச் சமயத்தில் உமிழ்நீர் பெருகி இரை முழுவதும் ஈரமாவதால், அதன் மயிரில் ஒட்டிய தூள், சிராய், மணல் எதுவானாலும் இரையோடு சேர்ந்தே உள்ளே போகிறது. வாய் அடைபட்டிருக்கும்போதும் மூச்சு விட வேண்டுமே என்பதற்காக மூச்சுக்குழலின் வாயையும் அது கீழ்த்தாடையின் மேலாக வெளியே நீட்டிக்கொள்கிறது. தூசி பறக்கும் கூளம் அங்கேயும் தொல்லை கொடுக்கும்.

அப்படியானால் காட்டுப் பாம்பு மண்ணில் கிடந்துதானே உண்கிறது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. காட்டு நிலம் பெரும்பாலும் இறுகிக் கிடக்கிறது. தாகமெடுத்தால் பாம்பு நீரைத் தேடிப் போகிறது. உண்ட பின் வெயில் பட்ட பாறையடியில் தனக்கு வேண்டிய சூட்டைத் தேடிக்கொள்கிறது. நீரும் சூடும் போதுமான அளவு கிடைத்த பாம்பின் குடல், ஒன்றிரண்டு சிராய்களை எச்சத்தோடு வெளியே தள்ளிவிடும். கூண்டுப் பாம்புக்கு இவற்றை நாம்தான் கொடுக்க வேண்டும். மார்கழி, தை மாதங்களில் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் விழும் குளிரில், சூடேற்றும் விரிப்பு இல்லாத கூண்டில் கிடக்கும் பால் பைத்தானுக்கு எலியே சரியாகச் செரிக்காது. அதோடு போன மரத்தூள் எப்படி வெளியேறும்? கூண்டின் ஒரு கோடியில் 31, 32 டிகிரி செல்சியஸ் சூடும், மறு கோடியில் 25, 26 டிகிரியும், எப்போதும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் இருக்க வேண்டும். கூளத்தால் வந்ததென்று சொல்லப்படும் மலச்சிக்கலில் குளிரையும் நீர்க்குறைவையும் முதலில் சந்தேகிப்பதே என் வழக்கம்.

கூளத்திலும் நல்லதும் கெட்டதும் உண்டு. போச்சம்பள்ளிப் பக்கத்து நார் ஆலைகளில் கிடைக்கும் தேங்காய் நார்த்தூளை, உப்புப் போக நன்றாக அலசி, நீண்ட நார்களைப் பொறுக்கி எறிந்துவிட்டு, தூசி எழாத அளவு லேசான ஈரத்தோடு போட்டால் அது பால் பைத்தானுக்கு மிகவும் ஏற்றது. கோழிப் பண்ணை ஆழ்கூளத்துக்குப் போடும் நெல் உமியை நான் பரிந்துரைப்பதில்லை. சிலிக்கா நிறைந்த அதன் கூர்முனை வாயின் மென்தோலைக் கீறினால் அங்கே சீழ் பிடிக்கும். மணல் கனமானது, குடலின் அடியில் தங்கிவிடும். மரவாடித் தூளில் என்னென்ன மரம் கலந்திருக்கிறது, என்ன மருந்து ஏறியிருக்கிறது என்பது விற்பவருக்கே தெரியாது. தேவதாரு போன்ற மணமுள்ள மரங்களின் எண்ணெய்ப்பசை பாம்பின் நுரையீரலுக்கே ஆகாது.

இனி, டப்பாவில் மாற்றிக் கொடுக்கும் பழக்கம். கூண்டிலேயே தீனி கொடுத்தால் கையைக் கடிக்கப் பழகிவிடும் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். ஆனால் பாம்பு எலியின் வாசனைக்கும் சூட்டுக்கும்தான் பாய்கிறது; கூண்டைத் திறந்ததும் ஒரு கொக்கியால் உடலை மெல்லத் தொட்டுவிட்டுப் பிறகு தூக்கினால், இது தீனி நேரமல்ல என்பதை அது விரைவில் அறிந்துகொள்கிறது. மாறாக, உண்டு முடித்த பாம்பைத் திரும்பக் கூண்டுக்கு மாற்றும்போதுதான் கடி விழுகிறது, விழுங்கிய இரையும் வெளியே வந்துவிடுகிறது. ஆகவே கூண்டிலேயே கொடுங்கள், ஆனால் கூளத்தின் மேல் கொடுக்காதீர்கள். கிரானைட் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லாத மாவட்டங்கள் இவை. மெருகேற்றிய துண்டுக் கல் ஒன்றைக் கேட்டு வாங்கி, விளிம்பைத் தேய்த்து, கூண்டின் தரையில் ஆடாமல் பதித்துவிடுங்கள். உறைநிலையிலிருந்து எடுத்த எலியை வெதுவெதுப்பான நீரில் நேராகப் போடாமல், பிளாஸ்டிக் பைக்குள் வைத்து நீரில் இறக்கிச் சூடாக்கி, துணியால் துடைத்து, நீண்ட இடுக்கியால் அந்தக் கல்லின் மேல் நீட்டுங்கள். நனைந்த எலிதான் கூளத்தை வாரிக்கொண்டு போகிறது. பாம்பு இரையைச் சுற்றிக்கொண்டு கல்லை விட்டு உருண்டு போனால் பதறிப் பிடுங்க வேண்டாம். ஒட்டியிருக்கும் பெரிய சிராயை மட்டும் இடுக்கியால் எடுத்தால் போதும். அதன்பின் இரண்டு நாள் பாம்பைத் தொடாதீர்கள்.

எலியின் பருமன் பாம்பின் உடலின் மிகத் தடித்த பகுதியை ஒட்டியிருந்தால் போதும்.

தீனி எடுக்காமல், வழக்கமான காலத்துக்கு மேலும் எச்சமிடாமல், உடலின் பின்பாதியில் கெட்டியான புடைப்புத் தெரிந்தால், அதைக் கையால் பிதுக்கவே கூடாது, குடல் கிழிந்துவிடும். ஆழமில்லாத வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் விட்டுப் பார்க்கலாம். புடைப்பு அசையவில்லையென்றால் மருத்துவரிடம் போக வேண்டும். மணலும் கல்லும் எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியும், மரச்சிராயும் நாரும் அப்படித் தெரிவதில்லை. எனவே பாம்பைக் கொண்டுவரும்போது, கூண்டில் போட்டிருக்கும் கூளத்தில் ஒரு பிடியையும் தனிப் பையில் எடுத்து வாருங்கள். கடைசியாக எச்சமிட்ட தேதியையும் எழுதி வையுங்கள்.